எக்ஸ்பிடிஎஃப்பின் லைன் பிரிண்டர் முறை: டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவரின் மதிப்பீடு

அழகாக அச்சுக்கோக்கப்பட்ட ஒரு பிடிஎஃப் பக்கத்திலிருந்து எழுத்துகளை மட்டும் பிரித்தெடுத்து, எழுத்தைத் தவிர வேறெதுவும் அறியாத எளிய பிரிண்டருக்கு அனுப்ப வேண்டியவர்கள் இன்றும் நம் ஊர்க் கடைகளிலும் கிடங்குகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படக்கூடிய ஒரு கருவியைச் சில மாதங்கள் நாள்தோறும் பயன்படுத்திப் பார்த்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். டெரெக் நூன்பர்க் என்பவர் 1995 முதல் உருவாக்கி வரும் எக்ஸ்பிடிஎஃப் தொகுப்பில் உள்ள 'பிடிஎஃப்டுடெக்ஸ்ட்' என்னும் கட்டளைவரி நிரல்தான் அந்தக் கருவி. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பலரும் கவனிக்காமல் விட்டுவிடும் 'லைன்பிரிண்டர்' என்ற விருப்பத்தைப் பற்றியே இங்கு மிகுதியாகப் பேசப் போகிறேன்.

விருதுநகரில் பருப்பும் எண்ணெயும் மொத்தமாக விற்கும் ஒரு கடைக்கு நான் கணக்கும் கணினியும் பார்க்கிறேன். அங்கே 9 ஊசிகள் கொண்ட, 80 பத்தி (அதாவது வழக்கமான அளவில் ஒரு வரிக்கு 80 எழுத்து அடிக்கும்) டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒன்று பல ஆண்டுகளாக உழைத்து வருகிறது. லேசர் பிரிண்டர் வாங்கிவிடலாமே என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் பொருள் விற்பனைக்கான பில்லை மூன்று படிகளாகத் தயாரிக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் ஜிஎஸ்டி விதிகளில் 48ஆம் விதி சொல்கிறது. அசல் வாங்குபவருக்கும், இரண்டாம் படி சரக்கை ஏற்றிச் செல்பவருக்கும், மூன்றாம் படி விற்பவருக்கும் உரியவை. கார்பன் தாள் வைத்து ஒரே அடியில் மூன்று தாளிலும் எழுத்து விழச் செய்வது ஊசி பிரிண்டரால் மட்டுமே ஆகும். மூன்றிலும் ஒரே எண், ஒரே தொகை இருக்கிறது என்ற உறுதியும் அதிலேதான் இயல்பாகக் கிடைக்கிறது. கடை உரிமையாளரான அண்ணாச்சி என்னிடம் வைத்த வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான்: "தம்பி, மூணாவது தாள்லயும் எழுத்து தெளிவா விழணும்; மத்ததெல்லாம் நீ எப்படியும் செஞ்சுக்கோ."

பழைய ஃபாக்ஸ்புரோ நிரல் இருந்தவரை இதில் சிக்கலே இல்லை, ஏனென்றால் அது வெறும் எழுத்துகளையே பிரிண்டருக்கு அனுப்பியது. அதற்குப் பதிலாக வந்த புதிய பில்லிங் மென்பொருள் பிடிஎஃப் கோப்பை மட்டுமே தருகிறது. அந்தக் கோப்பைத் திறந்து வழக்கம்போல் அச்சிட்டால், கணினியில் பிரிண்டரை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருள் பக்கம் முழுவதையும் படமாக மாற்றிப் புள்ளி புள்ளியாக அனுப்புகிறது. அப்போது பிரிண்டர் தன் நினைவகத்தில் செதுக்கி வைத்திருக்கும் எழுத்து வடிவங்களைத் தொடுவதே இல்லை. அச்சடிக்கும் தலை திரும்பத் திரும்ப ஓடி ஒவ்வொரு வரியையும் பட்டை பட்டையாக வரைகிறது. நேரம் பல மடங்கு ஆகிறது, ரிப்பன் சீக்கிரம் தேய்கிறது, லேசருக்காக அமைந்த மெல்லிய கோடுகள் முதல் தாளிலேயே நூலிழை போல வந்து மூன்றாவது தாளில் காணாமல் போகின்றன. அதே பில்லை எழுத்தாக அனுப்பினால் பிரிண்டர் தன் சொந்த எழுத்துகளை ஒரே ஓட்டத்தில் அழுத்தமாக அடித்துத் தள்ளுகிறது. பிடிஎஃப்பிலிருந்து எழுத்துக்குத் திரும்பும் வழி எனக்குத் தேவைப்பட்டது இதனால்தான்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். லினக்ஸில் 'பிடிஎஃப்டுடெக்ஸ்ட்' என்று தட்டினால் வழக்கமாக ஓடுவது எக்ஸ்பிடிஎஃப்பின் நிரல் அன்று. எக்ஸ்பிடிஎஃப்பிலிருந்து 2005ஆம் ஆண்டில் கிளைத்த பாப்ளர் என்னும் திட்டத்தின் நிரல் அது. இரண்டுக்கும் பெயர் ஒன்று, அடிப்படை விருப்பங்கள் பலவும் ஒன்று. பக்கத்தின் தோற்றத்தை இயன்றவரை காக்கும் 'லேஅவுட்' முறை இரண்டிலும் இருக்கிறது. ஆனால் 'லைன்பிரிண்டர்', 'டேபிள்' ஆகிய இரண்டு முறைகளும் எக்ஸ்பிடிஎஃப்பில் மட்டுமே உள்ளன. பாப்ளரில் அவற்றைக் கேட்டால் பயன்பாட்டுக் குறிப்பைக் காட்டிவிட்டு நின்றுவிடும். எனவே எக்ஸ்பிடிஎஃப்பின் தளத்திலிருந்து கட்டளைவரிக் கருவிகளை இறக்கி, தனி அடைவில் வைத்து, முழுப் பாதையையும் கொடுத்து அழைப்பதே நல்லது.

லைன் பிரிண்டர் முறை செய்வது என்ன என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். அச்சுக்கோத்த பக்கத்தில் எழுத்துகளுக்கு வரிசை கிடையாது. இந்த எழுத்து, இந்த இடம் என்று அளவு மட்டுமே பதிவாகியிருக்கும். அந்த அளவு பாயிண்ட் கணக்கில் இருக்கும். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். ஏ4 பக்கம் ஏறத்தாழ 595 பாயிண்ட் அகலமும் 842 பாயிண்ட் உயரமும் உடையது. இந்த முறை அந்தப் பக்கத்தின் மீது கட்டம் போட்ட தாளைப் போல ஒரு வலையை விரித்து, ஒவ்வோர் எழுத்தும் எந்தக் கட்டத்தில் விழுகிறதோ அங்கே அதை எழுதுகிறது. கட்டத்தின் அகலத்தை 'ஃபிக்ஸ்டு' என்ற விருப்பத்தாலும் உயரத்தை 'லைன்ஸ்பேசிங்' என்ற விருப்பத்தாலும் நாமே சொல்லலாம். சொல்லாவிட்டால் நிரல் தானே கணித்துக்கொள்ளும். கட்டம் எழுத்தைவிடச் சிறிதாக இருந்தால் வேண்டாத இடைவெளிகள் புகும், பெரிதாக இருந்தால் வேண்டிய இடைவெளிகள் காணாமல் போகும் என்று கையேடே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. இந்த ஒரு வாக்கியத்தை உள்வாங்கிக்கொண்டால் இந்தக் கருவியை முழுதும் புரிந்துகொண்டதாகவே பொருள்.

இங்கேதான் பிரிண்டரின் கணக்கும் அச்சுக்கோப்பின் கணக்கும் வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. அங்குலத்துக்கு 10 எழுத்து அடிக்கும் பிரிண்டரில் ஓர் எழுத்தின் அகலம் 7.2 பாயிண்ட். கூரியர் எழுத்துருவில் எல்லா எழுத்துகளும் ஒரே அகலம், அதாவது எழுத்தின் அளவில் பத்தில் ஆறு பங்கு. ஆகவே 12 பாயிண்ட் கூரியர் சரியாக 7.2 பாயிண்ட் அகலம் கொள்கிறது. 10 பாயிண்ட் கூரியர் 6 பாயிண்ட் அகலம் கொண்டு, அங்குலத்துக்கு 12 எழுத்து என்ற எலைட் அளவோடு பொருந்துகிறது. 8 பாயிண்ட் கூரியர் 4.8 ஆகி அங்குலத்துக்கு 15 எழுத்தாகிறது; 7 பாயிண்ட் கூரியர் 4.2 ஆகி, கன்டென்ஸ்டு என்று நாம் சொல்லும் 17 எழுத்துச் சுருக்க அளவோடு ஒட்டி நிற்கிறது. தட்டச்சு இயந்திரத்துக்காகப் பிறந்த எழுத்துரு என்பதால் இந்தப் பொருத்தம் தற்செயலானது அன்று. வரி உயரமும் இப்படியே. அங்குலத்துக்கு 6 வரி என்றால் ஒரு வரி 12 பாயிண்ட், 8 வரி என்றால் 9 பாயிண்ட்.

எங்கள் பில்லிங் மென்பொருளில் எழுத்துருவை மாற்றிக்கொள்ள வழி இருந்தது. ஏரியல் 9 பாயிண்டில் இருந்த பில் வார்ப்புருவை 10 பாயிண்ட் கூரியராகவும் வரி இடைவெளியை 12 பாயிண்டாகவும் மாற்றினேன். பிறகு 'ஃபிக்ஸ்டு' அளவுக்கு 6, 'லைன்ஸ்பேசிங்' அளவுக்கு 12 என்று கொடுத்து ஓட்டியபோது கிடைத்த எழுத்துக் கோப்பைத் திரையில் பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. பொருளின் பெயர், மூட்டை, எடை, விலை, வரி, தொகை என்று ஆறு பத்திகளும் நூல் பிடித்ததுபோல் நின்றன. தொகைப் பத்தியில் ஆயிரமும் பத்தாயிரமும் வலப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து நின்றன. ஓரங்களைக் கழித்தால் பக்கம் முழுவதும் 96 பத்திக்குள் அடங்கியது. 8 அங்குல அச்சு அகலத்தில் எலைட் அளவுக்கு இடம் இருப்பதும் அவ்வளவுதான். ஓர் எழுத்துகூட வெட்டுப்படவில்லை.

எழுத்துருவை மாற்ற முடியாத இடத்தில் கதை வேறு. சரக்கு அனுப்பும் ஒரு நிறுவனத்திடமிருந்து வாராவாரம் வரும் இருப்புப் பட்டியல் ஏரியல் 9 பாயிண்டில் இருக்கிறது. ஏரியலில் எழுத்துக்கு எழுத்து அகலம் வேறுபடும். 9 பாயிண்டில் ஆங்கிலச் சிறிய 'ஐ' வெறும் 2 பாயிண்ட், பெரிய 'டபிள்யூ' எட்டரை பாயிண்ட். எண்கள் மட்டும் எல்லாமே 5 பாயிண்ட் என்பதால் கட்டத்தை 5 பாயிண்டாக வைத்தேன். எண் பத்திகள் ஒழுங்காக வந்தன. பெயர்ப் பத்தி கெட்டுப்போனது. 'ஆயில் மில்' என்று ஆங்கிலத்தில் எழுதிய பெயரில் இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாக நின்றன. ஏன் என்று அளந்து பார்த்தேன். முதல் சொல்லின் மூன்று எழுத்துகளும் சேர்ந்தே 11 பாயிண்ட்தான். இடைவெளியையும் சேர்த்தால் 13.5. மூன்று கட்டங்கள் நிரம்ப 15 பாயிண்ட் வேண்டும். மூன்று எழுத்துகள் மூன்று கட்டங்களை எடுத்துக்கொண்ட பிறகு, அடுத்த சொல் தன் இடத்தை ஏற்கெனவே கடந்துவிட்டிருப்பதால் இடைவெளிக்கு ஒரு கட்டமும் மிஞ்சுவதில்லை. கருவியின் பிழை என்று இதைச் சொல்வது நியாயம் ஆகாது. சம அகலம் இல்லாத எழுத்தைச் சம அகலக் கட்டத்தில் அடைக்க முயன்றது என் தவறு.

இப்படிப்பட்ட கோப்புகளுக்கு 'டேபிள்' முறையைப் பயன்படுத்த வேண்டும். அட்டவணைகளுக்கென்றே அமைந்த அந்த முறை சொற்களைச் சொற்களாகவே வைத்துக்கொண்டு, நிரைகளும் பத்திகளும் நேராக நிற்பதற்காகக் கூடுதல் இடைவெளிகளைத் தாராளமாகச் சேர்க்கிறது. அதன் விலை அகலம். இருப்புப் பட்டியலின் வரிகள் நூறு எழுத்துகளைத் தாண்டிச் சென்றன. சுருக்க அளவில் 80 பத்தி பிரிண்டர் 137 எழுத்துவரை அடிக்கும் என்பதால் என் பட்டியல் தப்பியது. அதைவிட அகன்ற அட்டவணை வைத்திருப்பவர்கள் 15 அங்குலத் தாள் போடும் 136 பத்தி பிரிண்டரிடம் போக வேண்டியிருக்கும். ஒற்றைப் பத்தியில் ஓடும் கடிதம் போன்றவற்றுக்கு 'சிம்பிள்' என்ற முறையும் இருக்கிறது. அது நன்றாகவே வேலை செய்கிறது. அதைப் பற்றிச் சொல்ல அதற்குமேல் எதுவும் இல்லை.

எந்தக் கோப்புக்கு எந்த முறை என்று தடுமாறாமல் இருக்க, அதே தொகுப்பில் உள்ள 'பிடிஎஃப்ஃபான்ட்ஸ்' என்ற சிறு நிரலை முதலில் ஓட்டிப் பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். அது கோப்பில் உள்ள எழுத்துருக்களின் பெயர்களைப் பட்டியலிடுகிறது. கூரியர் அல்லது கூரியர் நியூ என்று வந்தால் லைன் பிரிண்டர் முறை. ஏரியல், டைம்ஸ் என்று வந்தால் டேபிள் முறை. பட்டியலே காலியாக வந்தால் அது ஸ்கேன் செய்த படம் என்று பொருள், அதிலிருந்து இந்தக் கருவி ஓர் எழுத்தையும் எடுத்துத் தராது. ஸ்கேன் செய்த கோப்பைக் கொடுத்துவிட்டு வெற்றுத் தாள் வருகிறதே என்று பிரிண்டரைக் கழற்றிப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

எழுத்தாக்கம் முடிந்தாலும் பிரிண்டர் வரை போய்ச் சேரும் வழியில் இன்னும் சில இடங்களில் கவனம் வேண்டும். நிரல் இயல்பாக லத்தீன்-1 என்ற குறியாக்கத்தில், அதாவது ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் தரும் ஒரு முறையில், எழுதுகிறது. பல டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்களோ பழைய டாஸ் காலத்து 437ஆம் குறியீட்டுப் பக்கம் என்ற வேறோர் எண் அட்டவணையையே இயல்பாகக் கொண்டிருக்கின்றன. ஆங்கில எழுத்துகளுக்கும் எண்களுக்கும் இரண்டும் ஒன்றே என்பதால் முதல் பார்வையில் வேறுபாடு தெரியாது. ஆனால் எங்கள் பொருள் பட்டியலில் 'அரை' என்பதைக் குறிக்கும் ½ என்ற குறி உண்டு. லத்தீன்-1இல் அதன் எண் 189. பிரிண்டரின் பக்கத்தில் 189 என்பது கட்டம் வரையப் பயன்படும் ஒரு மூலைக் கோடு. அரைக் கிலோ பாக்கெட்டின் பெயருக்கு முன்னால் அந்த மூலைக் கோடு வந்து நின்றபோதுதான் இதைக் கண்டுபிடித்தேன். குறியாக்கத்தை 'ஆஸ்கி7' என்று கொடுத்துவிட்டால் நிரலே அதை 1/2 என்று மூன்று எழுத்தாகப் பிரித்து எழுதிவிடுகிறது. அச்சுக்கோப்பில் ஒன்றாக இணைந்து நிற்கும் ஆங்கில எழுத்துகளையும் பிரித்துத் தருகிறது.

ரூபாய்க் குறி மட்டும் தனிச் சிக்கல். 2010ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட ₹ என்னும் குறிக்கு லத்தீன்-1இலும் ஆஸ்கியிலும் இடமில்லை. ஆகவே எச்சரிக்கை ஏதுமின்றி அது மறைந்துவிடுகிறது. பில்லில் தொகைக்கு முன் குறி இல்லாவிட்டால் பெரிய நட்டமில்லை என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஒரு வணிக ஆவணத்தில் எழுத்து ஒன்று சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவதை நான் ஏற்கத் தயாராக இல்லை. எனவே முதலில் ரூபாய்க் குறிக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் எழுத வைத்து, குறியையும் அதற்கு முன்னால் உள்ள இரண்டு வெற்றிடங்களையும் சேர்த்து நீக்கிவிட்டு, அந்த மூன்று இடங்களில் ஆங்கிலத்தில் 'ஆர்', 'எஸ்', புள்ளி என்று மூன்று எழுத்துகளை வைக்கும் சிறு மாற்று நிரல் ஒன்றை எழுதிக்கொண்டேன். வெற்றிடத்தை எடுக்காமல் குறியை மட்டும் மாற்றினால் அந்த வரியில் உள்ள தொகை இரண்டு பத்தி வலப்பக்கம் நகர்ந்துவிடும். ஒரு வரி நகர்ந்தாலும் கூட்டல் சரிபார்க்கும் கண் தடுக்கி விழும். யூடிஎஃப்-8 வழியில் போனால் ½ போன்ற குறிகளையும் அதே மாற்று நிரலிலேயே கவனித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வரி முடிவு அடுத்தது. லினக்ஸில் உருவாகும் எழுத்துக் கோப்பில் வரி முடிவுக்கு ஒற்றைக் குறிதான் இருக்கும். பிரிண்டர் அதைக் கண்டதும் தாளை ஒரு வரி மேலே தள்ளுமே தவிர, தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவராது. எழுத்துகள் மாடிப்படி போலச் சரிந்துகொண்டே போகும். வரி முடிவை 'டாஸ்' வகையாக வைக்கும் விருப்பம் கருவியிலேயே இருக்கிறது. அதைக் கொடுத்தால் போதும். அனுப்பும்போது டிரைவர் மீண்டும் தன் கைவரிசையைக் காட்டாதபடி, லினக்ஸில் கோப்பை மாற்றாமல் அப்படியே அனுப்பும் 'ரா' முறையிலும், விண்டோஸில் பகிர்ந்த பிரிண்டருக்குக் 'காப்பி' கட்டளையின் பைனரி முறையிலும் அனுப்புகிறேன்.

பக்க நீளத்தில்தான் நான் ஒரு முழு மாலையை இழந்தேன். நிரல் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் 12 என்ற எண்ணுள்ள ஃபார்ம் ஃபீட் குறியை வைக்கிறது. பிரிண்டர் அதைக் கண்டதும் அடுத்த தாளின் தொடக்கத்துக்குத் தாவ வேண்டும். அடுத்த தாள் எங்கே தொடங்குகிறது என்பதைப் பிரிண்டர் கண்ணால் பார்ப்பதில்லை. தனக்குச் சொல்லப்பட்ட நீளத்தைக் கொண்டு வரிகளை எண்ணிக் கணிக்கிறது. எங்கள் பிரிண்டரில் அது 11 அங்குலம், அதாவது 66 வரி என்று இருந்தது. நாங்கள் போடுவதோ கடையில் பத்துக்குப் பன்னிரண்டு என்று கேட்டு வாங்கும் கம்ப்யூட்டர் பேப்பர், 12 அங்குலம், 72 வரி. முதல் பில் சரியாக வந்தது. இரண்டாம் பில்லின் தலைப்பு, மடிப்புக்கு ஓர் அங்குலம் மேலேயே, முந்தைய தாளின் அடியில் தொடங்கியது. மூன்றாவது இரண்டு அங்குலம் மேலே. ஐந்தாவது பில்லில் மடிப்பு பொருள் பட்டியலின் நடுவே வந்து விழுந்தது. கோப்பின் தொடக்கத்தில் 27, 67, 0, 12 என்ற நான்கு எண்களை அனுப்பினால், எப்சன் நிறுவனம் வகுத்த இஎஸ்சி/பி மொழி பேசும் எந்தப் பிரிண்டரும் பக்க நீளத்தை 12 அங்குலம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டளையைப் பெறும் கணத்தில் தலை நிற்கும் இடமே தாளின் உச்சி என்று பிரிண்டர் கொள்ளும் என்பதால், தாளை மடிப்புக்கு நேராக நிறுத்திவிட்டு அனுப்ப வேண்டும். எலைட் அளவுக்கு 27, 77 என்ற இரண்டு எண்கள். சுருக்க அளவுக்கு 15 என்ற ஒற்றை எண், அதை விலக்க 18. ஏ4 பக்கத்தின் 842 பாயிண்ட் உயரம் 12 பாயிண்ட் வரியில் 70 வரிகளாகிறது. 72 வரித் தாளில் அது நெருடலின்றி அமர்ந்துவிடுகிறது.

கருவியிலேயே இருக்கும் இன்னொரு வசதியையும் பாராட்ட வேண்டும். பக்கத்தின் குறுக்கே சாய்வாக 'டூப்ளிகேட்' என்று பெரிய எழுத்தில் மங்கலாக அடிக்கப்பட்ட கோப்புகள் வருவதுண்டு. எழுத்தாக்கும்போது அந்த எழுத்துகள் சிதறி, ஒவ்வொரு வரியிலும் ஒன்றாகப் போய் ஒளிந்துகொள்ளும். 'நோடயக்' என்ற விருப்பம் சாய்ந்து நிற்கும் எழுத்துகளை முழுவதுமாக விட்டுவிடுகிறது. இடது, வலது, மேல், கீழ் ஓரங்களில் இத்தனை பாயிண்டுக்குள் இருப்பதை விட்டுவிடு என்று சொல்லவும் வழி இருக்கிறது. பக்கத்தின் அடியில் வரும் விளம்பர வரியை நான் அப்படித்தான் கழிக்கிறேன்.

செய்ய முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். அட்டவணைக் கோடுகள் எழுத்து அல்ல, வரைந்தவை, அவை வருவதில்லை. தலைப்புக்குக் கீழும் மொத்தத்துக்கு மேலும் சிறு கோட்டுக்குறிகளால் ஒரு வரியை நானே நிரல் மூலம் சேர்க்கிறேன். தடித்த எழுத்து என்ற வேறுபாடும் தொலைந்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமாக, கியூஆர் குறி வராது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்கள் மற்ற வணிகர்களுக்குத் தரும் பில்களை இ-இன்வாய்ஸாகப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பில்லில் கியூஆர் குறி இருந்தாக வேண்டும். அத்தகைய பில்களுக்கு மூன்று படி விதியும் பொருந்தாது. எனவே அந்த வரம்புக்குள் வருபவர்கள் பில்லை இந்த வழியில் அச்சிடக் கூடாது. கிடங்குப் பட்டியலுக்கும் லாரிச் சீட்டுக்கும் மட்டும் இதை வைத்துக்கொள்ளட்டும்.

அச்சுக்கோத்த பக்கத்திலிருந்து எழுத்துக்குத் திரும்புவது எப்போதுமே நீரோட்டத்துக்கு எதிரே நீந்துவதுதான். மூலக் கோப்பு கையில் இருந்தால் பிடிஎஃப் பக்கமே போக வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் என்ற இயங்குதளம் வளர்ந்த நாட்களில், அதற்கான ஆவண அமைப்பு நிரல்களை எழுதிய ஜோ ஒசானா இதை எவ்வளவு தெளிவாகக் கண்டிருந்தார் என்று நினைக்கும்போது மதிப்பு கூடுகிறது. ஒரே மூலத்தை 'டிராஃப்' என்ற நிரல் ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்துக்கும் 'என்ராஃப்' என்ற நிரல் தட்டச்சு போன்ற எளிய பிரிண்டருக்கும் தயாரித்துத் தந்தன. அந்த மரபில் ஜேம்ஸ் கிளார்க் எழுதிய 'குரோஃப்' இன்றும் கிடைக்கிறது. அதில் வெளியீட்டுக் கருவியை 'ஆஸ்கி' என்று மாற்றினால் போதும். வரிகளைச் சம அகல எழுத்துக்கு ஏற்பப் புதிதாகவே உடைத்து அமைக்கிறது. தடித்த எழுத்தை ஒரே இடத்தில் இருமுறை அடிக்கச் சொல்லும் பழைய வழியும் அதில் உண்டு. திரைக்குப் பொருந்தாத அந்த வழி ஊசி பிரிண்டரில் உண்மையிலேயே அழுத்தமான எழுத்தைத் தருகிறது. கடையின் விலைப் பட்டியலை இப்போது குரோஃபில்தான் வைத்திருக்கிறேன்.

டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கு 'டிவிஐ2டிடிஒய்' என்ற நிரல் இருக்கிறது. டெக் உருவாக்கும் டிவிஐ கோப்பை வெறும் எழுத்தாக்குவதே அதன் பணி. அகலத்தை 16 முதல் 132 வரை சொல்லலாம், சொல்லாவிட்டால் 80. அந்த 80இல் சொற்களுக்கிடையே உள்ள வெற்றிடங்கள் எளிதில் தொலையும், அகலத்தைக் கூட்டினால் குறையும் என்று அதன் கையேடும் ஒப்புக்கொள்கிறது. 'ஆயில் மில்' ஒட்டிக்கொண்டதற்கும் இதற்கும் காரணம் ஒன்றே. எக்ஸ்பிடிஎஃப் அதைவிட மேலாகத் தோன்றுவது கட்ட அளவை பாயிண்டில் சொல்ல விடுகிறது என்பதால்தான். பிரிண்டரின் அளவையும் எழுத்துருவின் அளவையும் ஒரே அலகில் வைத்து நான் கணக்கிட முடிகிறது. குத்துமதிப்பாக எண்களை மாற்றி மாற்றித் தாளை வீணாக்க வேண்டியதில்லை.

தமிழில் அமைந்த கோப்புகளுக்கு இந்தக் கருவியை நம்பி இறங்க வேண்டாம் என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அமைந்த பிடிஎஃப்பில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளின் எண்களே. எழுத்துரு மேலே தமிழ்ச் சட்டையைப் போட்டிருக்கிறது. சட்டையைக் கழற்றினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த பொருளற்ற வரிகளே மிஞ்சும். யூனிகோடில் அமைந்த கோப்பானால் நிலைமை சற்று மேல். 'பிடிஎஃப்ஃபான்ட்ஸ்' காட்டும் பட்டியலில் யூனிகோடு அட்டவணை உண்டா இல்லையா என்று சொல்லும் ஒரு பத்தி இருக்கிறது. அதில் இல்லை என்று வந்தால் முயற்சியைக் கைவிட்டுவிடலாம். உண்டு என்று வந்தாலும், பக்கத்தில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கப்பட்டிருந்தால், 'கொ' என்பதில் கொம்பு முதலில், பிறகு மெய், பிறகு கால் என்று பிரிந்து வந்துவிடும்.

அதையெல்லாம் சரிசெய்தாலும் எங்கள் பிரிண்டரின் நினைவகத்தில் தமிழ் எழுத்து வடிவங்களே கிடையாது. கட்டம் போட்ட வலையும் தமிழுக்குப் பொருந்தாது. 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலக் கட்டத்தில் எப்படி நிற்கும்? பில்லில் பொருள்களின் பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொண்டோம். வாங்குபவரும் லாரிக்காரரும் அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் கிடங்கில் மூட்டை எடுத்துத் தரும் பெரியவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். உளுந்து, துவரை, கடலை எண்ணெய் என்று தமிழில் பெயர் போட்ட அவருடைய பட்டியலை மட்டும் இன்றும் டிரைவர் வழியாகப் படமாகவே அச்சிடுகிறேன். அது மெதுவாக வருகிறது, மூன்றாவது தாளில் மங்கலாக விழுகிறது. ஆகவே அவருக்கு எப்போதும் முதல் தாளையே கிழித்துக் கொடுக்கிறோம்.